மண்ணை மீட்ட தீவு, மொழியை?

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் நான் கடல் கடந்த ஒரு சிறு தீவைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். "நம் வீடு பற்றி எரிகையில் அயலூர்ச் செய்தி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அயலான் வீடு எப்படிப் பற்றியது, அவன் எதை மீட்டான், எதை மீட்காது விட்டான் என்று அறிந்தவனுக்கே தன் வீட்டில் எதை முதலில் காக்க வேண்டும் என்பது விளங்கும். அதற்காகவே பேசுகின்றேன்.

இசுக்காட்லாந்து நாட்டின் மேலைக் கடலில் எபிரிடீசுத் தீவுக் கூட்டம் உள்ளது. அவற்றுள் ஒன்று எக்குத் தீவு. ஏறத்தாழ ஐந்தரைக் கல் நீளமும் மூன்று கல் அகலமும் உடையது. பரப்பு ஏழாயிரத்து ஐந்நூறு ஏக்கர் அளவு. தென்பகுதியில் 'இசுகூர்' என்னும் கரும்பாறைக் குன்று ஏறத்தாழ 1290 அடி உயரத்திற்குச் செங்குத்தாக நிற்கின்றது. வடமேற்குக் கரையில் ஒரு மணற்பரப்பு. உலர்ந்த நாளில் கால் வைத்து நடந்தால் அம்மணல் ஒலி எழுப்புமாம். அதனால் 'பாடும் மணல்' என்று பெயர் பெற்றது. இத்தீவில் இன்று வாழ்வோர் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவரே. நம் ஊர்த் தெரு ஒன்றில் வாழ்வோர் தொகை அவ்வளவு இருக்கும். அத்துணைச் சிறு குடியினர் செய்த செயல் உலகத்தார் கண்களைத் திறந்தது.

முதலில் அவர்களுடைய பழைமையைச் சிறிது காண்போம். கி.பி. 617-இல் தோனான் என்னும் அயர்லாந்துத் துறவியும் அவருடன் மடத்தில் வாழ்ந்த ஐம்பதின்மர் அளவினரும் இத்தீவில் கொலையுண்டனர் என்று பழங் குறிப்புகள் கூறுகின்றன. அவர் பெயரால் 'கில்தோனான்' என்னும் ஊர் இன்றும் உள்ளது. 'கில்' என்பது கோயில். தோனானின் கோயில் என்பது பொருள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அப்பெயர் அழியவில்லை. பின்னர் வடநாட்டு நார்வேயர் வந்தனர். 'கிளீதேல்' முதலிய சில ஊர்ப் பெயர்களை விட்டுச் சென்றனர். ஆளவந்தவர் போய்விடுவர், பெயர்கள் நிற்கும். ஊர்ப் பெயரே எழுதப்படாத வரலாறு என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள்.

அங்கு வழங்கிய மொழி கேலிக்கு மொழி. அயர்லாந்து மொழியின் உடன்பிறப்பு அது. அந்நாட்டார் பெயர்களின் முன் 'மாக்கு' என்ற சொல் வருவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு 'மகன்' என்பது பொருள். இதைக் கேட்டவுடன் நம் 'மக' என்னும் சொல் உங்கள் உள்ளத்தில் ஓடும். என் உள்ளத்திலும் ஓடியது. ஆயினும் அன்பர்களே, ஒலி ஒத்தது என்பதற்காக வேர் ஒன்றென்று முழங்கிவிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. நம் மொழியின் பெருமைக்கு நம்மிடம் சான்று நிறைய உண்டு. இரவல் சான்று நமக்குத் தேவையில்லை.

கடலில் படகு செலுத்தும்போது 'எக்கு' என்ற பெயரைத் தீவினர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்றும், 'பெரும் பெண்டிர் தீவு' என்றே குறிப்பார்கள் என்றும் 1703-இல் வெளிவந்த மார்ட்டின் மார்ட்டின் என்பாரின் நூல் கூறுகின்றது. பெயருக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பிய குடிகள் அவர்கள்.

அத்தீவின் பெருந்துயர் ஒன்றையும் சொல்ல வேண்டும். எக்குத் தீவில் வாழ்ந்தோர் மாக்குடொனால்டுக் குடியினர். அவர்களுக்கும் மாக்கிலவுடுக் குடியினர்க்கும் நெடும்பகை. 1577-ஆம் ஆண்டையொட்டி மாக்கிலவுடுப் படை தீவில் வந்திறங்கியது. தீவினர் அனைவரும் வாயில் குறுகிய ஒரு மலைமுழையுள் புகுந்து ஒளிந்தனர். பகைவர் வாயிலில் தீ மூட்டினர். புகையால் மூச்சுத் திணறி உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டனர். மாண்டோர் 395 பேர் என்று அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. 1814-இல் அங்குச் சென்ற புகழ்பெற்ற எழுத்தாளர் வால்டர் இசுகாட்டு, முழையுள் கிடந்த மண்டையோடு ஒன்றைத் தம்முடன் எடுத்துச் சென்றார். இறந்தவரின் எலும்பும் தனக்கே உரிமையாகாத நிலைக்கு ஓர் இனம் தாழ்ந்துவிட்டதன் அடையாளமாகவே அது எனக்குத் தோன்றுகின்றது.

ஒரே மொழி பேசிய இரு குடிகள் இப்படி ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த காலத்தில், இருவர்க்கும் பொதுவான பகை தலைநகரில் அமர்ந்து ஆணை எழுதிக் கொண்டிருந்தது. 1616-இல் எடின்பரோவில் அரசவைக் குழு ஒரு சட்டம் செய்தது. ஆங்கிலத்தை எங்கும் பரப்ப வேண்டும், கேலிக்கு மொழியை ஒழிக்க வேண்டும், அதற்காக ஊர்தோறும் பள்ளி வைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். அன்பர்களே, பள்ளி என்பது அறிவைத் திறக்கும் வாயில் என்றுதான் நாம் எண்ணுகிறோம். மொழியைப் பூட்டும் பூட்டாகவும் பள்ளியைச் செய்ய முடியும் என்பதை அந்நாட்டு ஆட்சியாளர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வைத்திருந்தனர்.

இங்கே ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தொழிலைச் செய்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி அன்பு. அலசுதைர் மாக்குடொனால்டு என்பது அவர் பெயர். மலைநாட்டில் ஆங்கிலக் கல்வியையும் கிறித்தவ நெறியையும் பரப்ப அமைந்த ஒரு கழகத்தின் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். அக்கழகத்திற்காக 1741-இல் ஒரு கேலிக்கு, ஆங்கிலச் சொற்றொகுதியைத் தொகுத்துக் கொடுத்தார். பிள்ளைகளைக் கேலிக்கு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டு செல்லும் ஏணியாகவே கழகம் அதைக் கருதியது. ஆனால் சொற்களைத் தொகுக்கத் தொகுக்க அவர் உள்ளம் தாய்மொழியின் பக்கமே சாய்ந்தது போலும்! 1745-இல் பள்ளியை விட்டுப் படையில் சேர்ந்தார். 1746-இல் கல்லோடன் போரில் அப்படை தோற்றது. எக்குத் தீவின் ஆடவர் பலர் சிறை பிடிக்கப்பட்டு, மீளாத் தொலைவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஆயினும் அவர் ஓயவில்லை. 1751-இல் தம் பாக்களை நூலாக அச்சிட்டார். சமயம் சாராத கேலிக்குப் பாநூல்களுள் முதன்முதல் அச்சேறியது அதுவே. பழைய மொழியின் உயிர்த்தெழுகை என்பது அந்நூற் பெயரின் பொருள். எடின்பரோவில் அந்நூற்படிகள் தூக்கிலிடுவோன் கையால் தீயிடப்பட்டன என்று சொல்வர்.

தந்தை பாடினார், மகன் தொகுத்தார். அவர் மகன் இரானல்டு எக்குத் தீவில் வாழ்ந்தவர். மக்கள் வாயிலும் கையெழுத்துச் சுவடியிலும் சிதறிக் கிடந்த பாடல்களைத் திரட்டி 1776-இல் ஒரு தொகைநூல் வெளியிட்டார். அதற்கு 'எக்குத் தொகை' என்றே இன்றும் பெயர். கேலிக்குப் பாடல்களுக்கு அச்சில் வந்த முதல் தொகைநூல் அது. எட்டுத்தொகை கண்ட இனத்தாராகிய நமக்கு ஒரு தொகைநூலின் அருமை சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வேந்தரும் இல்லாமல், அவையும் இல்லாமல், ஒரு சிறு தீவின் குடிமகன் ஒருவர் அதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இனி அம்மக்களின் வாழ்வைச் சிறிது பார்ப்போம். பழங்காலத்தில் நிலம் ஊர்ப் பொது. வரப்புத் துண்டுகளாகப் பிரித்து, குறித்த காலத்திற்கொருமுறை திருவுளச்சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக் கொள்வர். நல்ல நிலம் ஒருவர்க்கே நிலைத்துவிடாது. கல் நிலமும் ஒருவர் தலையிலேயே விழுந்துவிடாது. கோடையில் மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிச் சென்று பெண்களும் சிறுவரும் குடிலமைத்துத் தங்குவர். பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் செய்வர். நெடிய பனிக்கால இரவுகளில் ஒரு வீட்டின் அடுப்பைச் சுற்றி ஊரார் கூடுவர். பாட்டும் பழமொழியும் முன்னோர் வரலாறும் அங்கே நடைபெறும். அக்கூட்டத்திற்குக் 'கேலி' என்று பெயர். நம் மொழியில் அச்சொல்லுக்கு வேறு பொருள், அவர்கள் மொழியில் 'வீடு தேடிச் செல்லுதல்' என்பது பொருள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அந்த அடுப்பங்கரையில் பேராசிரியையாக விளங்கினாள். 1871-இல் எக்குத் தீவில் பிறந்த கென்னத்து மாக்கிலவுடு என்னும் சமயத் தொண்டர் பின்னாளில் எபிரிடீசு நாட்டுப்பாடல்களைத் தொகுப்பதில் பெரும்பங்கு கொண்டார். அவர் கல்வி அந்த அடுப்பங்கரையில் தொடங்கியதே.

இந்த வாழ்வு எப்படிக் குலைந்தது? குடித் தலைவன் நிலக்கிழார் ஆனான். 'கிளான்' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் 'பிள்ளைகள்' என்பது பொருள். தலைவன் தந்தை, குடிகள் பிள்ளைகள். ஆனால் ஆங்கிலச் சட்டத்தில் அவன் நில முதலாளி. அவர்கள் குடிக்கூலி கொடுப்போர். மொழி மாறியபோது உறவும் மாறிவிட்டது! கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழிலில் குடிகளின் உழைப்பால் கிழார்கள் பெரும்பொருள் ஈட்டினர். நெப்போலியன் போர் முடிந்தபின் அத்தொழில் வீழ்ந்தது. கடனில் மூழ்கிய தலைவன் வழியினர் 1820-களில் தீவையே விற்றனர். தீவு விற்கப்பட்டது என்றால் அதன்மேல் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்நூறு மக்களும் கைமாறினர் என்பதே பொருள்.

1846 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து வற்கடம் வந்தது. 1853-இல் இசுகூர் மலையடியில் இருந்த குரூலின் என்னும் ஊர் வெறுமையாக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த பதினான்கு குடும்பங்களுள் ஏறத்தாழ அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஏன்? செம்மறியாடு மேய்ப்பவன் ஒருவனுக்கு அந்நிலம் தேவைப்பட்டது. பலர் கடல் கடந்து கனடாவின் நோவா இசுகோசியாவுக்குச் சென்றனர். குரூலின் வீடுகளின் கற்சுவர்கள் இன்றும் அங்கே கூரையின்றி நிற்கின்றன. 1886-இல் வந்த சட்டம் சிறுகாணி உழவரை இனி விருப்பம்போல் வெளியேற்ற இயலாது என்று காப்பளித்தது. நல்ல சட்டந்தான், ஆனால் குரூலினுக்கு முப்பத்துமூன்று ஆண்டு காலம் தாழ்ந்து வந்த சட்டம்.

இடையில் 1872-இல் மற்றொரு சட்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி அளித்த சட்டம் அது. அதில் கேலிக்கு மொழிக்கு இடமே இல்லை. 'ஒழிக' என்று எழுதவில்லை. பெயரைச் சொல்லாமலே விட்டுவிட்டனர். இதுதான் கொடிது! மலைநாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் கேலிக்குப் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிடுவர். அப்பிள்ளை, அம்மொழி பேசும் மற்றொரு பிள்ளையைக் காட்டிக் கொடுத்தால் கோல் கைமாறும். மாலையில் எவன் கழுத்தில் கோல் இருக்கிறதோ அவனுக்கு அடி. தாய்மொழி பேசுவதைக் குற்றமாக்கியதோடு, உடன் பயிலும் தோழனைக் காட்டிக் கொடுக்கவும் பழக்கினர்.

இதைப் படித்தபோது என் உள்ளம் நம் ஊருக்கு ஓடியது. என் உறவினர் பிள்ளை ஒருவன் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் படித்தான். பள்ளியின் பெயர் வேண்டா. இடைவேளையில் தமிழ் பேசியதற்காக அவனிடம் ஒரு தொகை தண்டமாகப் பெற்றனர். பெற்றோர் அதைச் சினத்துடன் சொல்லவில்லை, பெருமையுடன் சொன்னார்கள்! "அவ்வளவு கண்டிப்பான பள்ளி" என்றார்கள். தமிழாசிரியனாகிய நான் அன்று ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த வாய்மூடலை இன்றுவரை என்னால் மன்னிக்க இயலவில்லை.

எக்குத் தீவுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டிலும் தீவு கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு விருப்பத்துடன் வந்தார். குடியிருப்போர் பலர்க்கு எழுத்தால் ஆன குடியுரிமை இல்லை. உரிமை ஆவணம் இல்லாதவன் ஒழுகும் கூரையைச் செப்பனிடக் கடனோ உதவியோ பெற முடியாது. இளையோர் வெளியேறினர். 1995-இல் செருமானிய ஓவியர் ஒருவர் தீவை வாங்கினார். ஈராண்டுக்குள் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

அப்போது தீவில் இருந்தோர் ஏறத்தாழ அறுபத்தைவர். "இனி நம்மை எவரும் வாங்க வேண்டா, நாமே நம் மண்ணை வாங்குவோம்" என்று துணிந்தனர். தீவினரும், அவ்வட்டார மன்றமும், இயற்கை காக்கும் அமைப்பொன்றும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தனர். உலகெங்கும் வேண்டுகோள் விடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு தொகை அனுப்பினர். பெயர் சொல்ல விரும்பாத பெண்மணி ஒருவர் பெரும் பகுதியை அளித்தார். அரசின் பங்கு மிகச் சிறிதே. 1997 சூன் 12-ஆம் நாள், 15 இலக்கம் பவுன் விலைக்குத் தீவு அதன் மக்களுக்கே உரியதாயிற்று. துறைக்கருகே அதன் நினைவாக ஒரு நடுகல் நாட்டினர். நடுகல் மரபுடைய நமக்கு அதன் பொருள் விளங்கும். ஆனால் இது இறந்தவர்க்கு நட்ட கல்லன்று, எழுந்தவர்க்கு நட்ட கல்!

மண் கைக்கு வந்தபின் என்ன செய்தனர்? முதலில் குடியிருப்போர்க்கு உறுதியான உரிமை ஆவணம் கொடுத்தனர். துறையருகே கடை, உணவகம், அஞ்சலகம் ஆகியவை சேர்ந்த பொதுக் கட்டடம் எழுப்பினர். அதற்குக் கப்பல் அணையும் இடம் என்று பொருள்படும் கேலிக்குப் பெயரைச் சூட்டினர். தீவுக்கு நாட்டின் மின்கம்பி இல்லை. வீட்டுக்கு வீடு எண்ணெயால் ஓடும் மின்பொறிதான் இருந்தது. 2008 பிப்பிரவரி 1 முதல் காற்று, அருவி நீர், கதிரவன் ஒளி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தாமே மின்னாற்றல் ஆக்கிக் கொண்டனர். அதிலும் ஓர் அறம் வைத்தனர். எந்த வீடும் ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் எடுக்கலாகாது, தொழிலகத்திற்குப் பத்து. செல்வனுக்கும் எளியவனுக்கும் ஒரே அளவு. மிகுதியாக ஆக்கப்படும் மின்னாற்றல் ஊர்ப் பொதுமன்றம் முதலிய இடங்களைச் சூடேற்றப் பயன்படுகின்றது. பழைய பொதுநிலப் பங்கீட்டின் அறமே மின்கம்பியில் ஓடுகின்றது என்று நான் கருதுகின்றேன்.

இவர்களைக் கண்டு பிற தீவினரும் எழுந்தனர். 2002-இல் கீயா என்னும் தீவு மக்களுடையதாயிற்று. ஊரார் தம் நிலத்தை வாங்க வழி செய்யும் சட்டமே 2003-இல் இயற்றப்பட்டது. அறுபத்தைவர் செயல் நாட்டின் சட்டத்தையே வளைத்தது! "நாம் சிலர்தாமே, என்ன செய்ய முடியும்?" என்று நம் கூட்டங்களில் பெருமூச்சு விடுவோர்க்கு இதுவே என் விடை.

அன்பர்களே, இதுவரை சொன்னது வெற்றி. இனிச் சொல்வது துயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்குத் தீவில் ஏறத்தாழ எல்லாரும் கேலிக்கு பேசினர். இன்று பிறப்பு முதல் அதைப் பேசுவோர் மிகச் சிலரே. மண் திரும்பி வந்தது, விளக்கு எரிந்தது, மக்கள் தொகை கூடியது. அடுப்பங்கரையில் பேசிய மொழி மட்டும் அவ்வாறு திரும்பி வரவில்லை. நிலத்தை விற்றவனிடமிருந்து விலை கொடுத்து வாங்கலாம். மொழியை எவரிடமிருந்து வாங்குவது? அதை வைத்திருந்த கிழவி இறந்தபின் விற்பனைக்கு அது எங்கும் கிடைக்காது.

நாடு முழுவதும் இதுவே நிலை. 1891-இல் இசுக்காட்லாந்தில் கேலிக்கு பேசினோர் 2,54,415 பேர். 2011-இல் ஏறத்தாழ 57,600 பேர். 2005-இல் அம்மொழிக்கெனச் சட்டம் வந்தது. கேலிக்குவழிப் பள்ளிகள் பெருகின. 2022 கணக்கில் பேசுவோர் ஏறத்தாழ எழுபதாயிரமாகச் சற்று உயர்ந்தனர். மகிழ வேண்டியதே. ஆனால் அதே கணக்கில், அம்மொழியின் தாயகமாகிய மேற்குத் தீவுகளில் அதைப் பேசுவோர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனர். பள்ளியில் கற்போர் கூடினர். வீட்டில் பேசுவோர் குறைந்தனர். 2025-இல் அம்மொழிக்கு அலுவல் நிலையும் சட்டத்தால் கிடைத்தது. அரியணை கிடைத்தது, அமர வேண்டியவள் மூச்சுத் திணறுகின்றாள்!

பள்ளியால் அழிந்த மொழியைப் பள்ளி ஓரளவு எழுப்பலாம். நிலைக்க வைப்பது வீடுதான். எனவே இங்குக் கூடியுள்ளோரிடம் நான் பெரிய செயல் எதையும் கேட்கவில்லை. மூன்று சிறு செயல்களைக் கேட்கின்றேன். வீட்டில் பிள்ளைகளோடு கலப்பில்லாத நல்ல தமிழில் பேசுங்கள். தவறினால் திருத்துங்கள், அடிக்காதீர்கள், எள்ளாதீர்கள். உங்கள் ஊரின் வயல், குளம், கரடு, ஓடை ஒவ்வொன்றின் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இரானல்டு பாடல்களுக்குச் செய்தது அதுதான். தமிழ் பேசியதற்குத் தண்டம் கேட்கும் பள்ளி எதுவாயினும், அங்கு நேரில் சென்று "இது தகாது" என்று சொல்லுங்கள். நான் ஒருமுறை வாய்மூடி எழுந்து வந்தேன். நீங்கள் அப்படி எழுந்து வராதீர்கள்.

எக்குத் தீவினர் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகப் பிறர் கையிலிருந்த மண்ணை மீட்டனர். நம் மொழி இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை. நம் வாயில் இருக்கின்றது. இழந்தபின் மீட்பதினும் இழவாமல் காப்பது எளிது. அந்த எளிய செயலையேனும் நாம் செய்வோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!